நாடியும் வினாவும்: மனநோய் கண்டறிதலின் வரலாறு

ஒருவர் மனநலம் குன்றியவர் என்று முடிவு செய்பவர் யார்? எதைக் கொண்டு முடிவு செய்கிறார்? இவ்வினா மருத்துவத்துக்கு மட்டும் உரியதன்று. சட்டத்துக்கும் சமயத்துக்கும் உரியது. உறங்குபவர் விழிக்கும்வரை, குழந்தை பருவமெய்தும்வரை, சித்தம் கலங்கியவர் தெளியும்வரை அவர்தம் செயல்கள் குற்றமாகப் பதிவாவதில்லை என்பது நபிமொழியின் கருத்து. ஆகவே, சித்தக் கலக்கத்தை உறுதி செய்வது ஃபிக்ஹு அறிஞர்களின் கடமையாயிற்று. மாஇஸ் (ரலி) தம் குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்டு வந்து நின்றபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவருடைய குலத்தாரிடம் ஆளனுப்பி, அவரது அறிவில் குறை ஏதும் கண்டதுண்டா என்று விசாரித்தார்கள். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. தீர்ப்புக்கு முன் விசாரணை. அதுவும் உடன் வாழ்ந்தோரிடம் விசாரணை. இதனை நாம் மனங்கொள்ள வேண்டும்.

இம்மரபை மருத்துவர்கள் விரிவாக்கினர். பல்க் பகுதியைச் சேர்ந்த அபூ ஸைத் அல்பல்கீ (மறைவு 934) சினம், அச்சம், துயரம், ஓயாது வரும் வீண் எண்ணங்கள் என மனத்துன்பங்களை நான்காக வகுத்தார். காரணம் தெரிந்த துயரத்தையும் காரணம் தெரியாத துயரத்தையும் அவர் வேறுபடுத்திக் காட்டியது, இன்றைய மனநல மருத்துவரும் வியக்கும் நுட்பமாகும்.

இப்னு ஸீனா (980–1037) தம் ‘அல்கானூன்’ நூலில், காதல் நோயுற்றவரின் நாடியைப் பற்றிக்கொண்டு பெயர்களைச் சொல்லிப் பார்க்கும் முறையை விளக்கினார். நாடியைக் கொண்டு மனத்தை அறிதல் கிரேக்க மருத்துவர் காலென் காலத்திலேயே இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் நிஜாமி அரூஸி எழுதிய ‘சஹார் மகாலா’ இது பற்றி ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறது. ஜுர்ஜானில் ஆட்சியாளரின் உறவினரான இளைஞர் ஒருவர் இன்னதென்றறியா நோயில் கிடந்தார். ஊரின் தெருக்களையெல்லாம் அறிந்த ஒருவரை இப்னு ஸீனா வரவழைத்தார். அவர் பேட்டைகளையும் தெருக்களையும் வீடுகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, இப்னு ஸீனா நாடியைக் கவனித்தார். நாடி துள்ளிய இடத்தில் நோயின் வேர் தெரிந்தது. இது கதையாகவே இருக்கலாம். ஆயினும் அதனுள் இரண்டு நெறிகள் அடங்கியுள்ளன. ஊரறிந்த ஒருவர் பேச வேண்டும். சார்பற்ற ஒருவர் அளக்க வேண்டும்.

இவ்விரண்டும் இல்லாதபோது நேர்வதை நம் தமிழகம் கண்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பியோட இயலாமல், 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டனர். இதனை நம்பிக்கையின் குற்றமாகச் சிலர் எழுதினர். நாம் அவ்வாறு கருதவில்லை. விசாரணைக்கு முன்பே விலங்கிடுதல் நம் மரபில் இல்லாதது. குற்றம் அங்கேதான் இருந்தது.

பழைய நெறிகள் இரண்டும் புதிய வடிவில் இணைந்ததைப் பட்டுக்குப் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தின் மாவட்டத்தில் காண்கிறோம். மனச்சிதைவு நோயாளர்க்கு ஊரகத்திலேயே பராமரிப்பு அளிக்க இயலுமா என்று அறிய, சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம் பங்கேற்ற ஆய்வு காஞ்சிபுரம் மாவட்டம், கோவா, சதாரா ஆகிய மூன்று இடங்களில் நடந்தது. 282 பேர் பங்குபெற்ற இவ்வாய்வின் முடிவு 2014இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. பயிற்சி பெற்ற ஊரகப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்றனர். அளந்தவர்களோ, யார் எப்பிரிவினர் என்று அறியாத தனி மதிப்பீட்டாளர்கள். நோய்க்குறிகளை 30 கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் இடும் பான்ஸ் அளவுகோலும், இந்திய மனநல மருத்துவச் சங்கம் உருவாக்கிய ஐடியாஸ் அளவுகோலும் பயன்பட்டன. 12 மாதங்களுக்குப் பின், வீட்டுப் பராமரிப்பும் பெற்றோர், மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றோரைவிட ஓரளவு மேம்பட்டிருந்தனர்.

ஐடியாஸ் அளவுகோல் தன்னைப் பேணல், பிறருடன் பழகல், பேசிப் புரிந்துகொள்ளல், தொழில் ஆகிய நான்கையும் ஆராய்கிறது. காஞ்சியின் தறிவீடுகளை நினைத்தால் இதன் பொருள் விளங்கும். கோர்வைப் புடவைக்குத் தறியில் இருவர் வேண்டும். ஒருவர் கை ஓய்ந்தால் வீட்டார்தாம் முதலில் அறிவர். அவர்களைக் கேளாமல் மதிப்பெண் இட இயலாது. அந்த மதிப்பெண்ணைக் கொண்டே ஊனச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. 40 விழுக்காட்டுக்குக் குறைந்தால் பல உதவிகள் கிட்டா. ஓர் எண்ணில் ஒரு குடும்பத்தின் உணவு அடங்கியிருக்கிறது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்தது. ஒருவரின் சமயமோ, சமூக வழக்கத்துக்கு அவர் இணங்காமையோ மனநோய்க்குச் சான்றாகாது என்றும் அது கூறுகிறது. மருத்துவ அளவையே சான்று. தர்காவில் துஆச் செய்வதும் மருத்துவரிடம் செல்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. எவரையும் ‘பைத்தியம்’ என்று பெயரிடும் முன் அவரையும் அவருடன் வாழ்வோரையும் பொறுமையுடன் வினவுவதே நபிவழி. அவ்வழியை நம் ஜமாஅத்துகள் முதலில் மேற்கொள்ள வேண்டும்.