கப்பலேறி வந்த மாயாஜாலம்

1939 நவம்பரில் சிங்கப்பூர்த் துறைமுகத்தருகே 'சிர்தானா' என்ற கப்பல் கண்ணிவெடியில் மோதி மூழ்கியது. 'கிரேட் நிக்கோலா' என்ற அமெரிக்க மாயாஜாலக்காரரின் மேடைச் சாமான்களும் அதோடு போயின. தப்பிக்கும் வித்தையில் பேர்போன நிக்கோலா தப்பித்தார், பெட்டிகள் தப்பவில்லை.

சிர்தானா, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல். கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழருக்கு அந்தக் கம்பெனி புதிதல்ல. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிள்ளான்) என்று ஓடிய 'ரஜுலா'வும் அவர்களுடையதுதான். தோட்டத்துக்கு ஆளேற்றிய அதே கம்பெனி மேஜிக்காரரின் பெட்டியையும் ஏற்றியது.

இப்படிப்பட்ட காட்சிகளுக்கு ஏற்ற இடம், அன்றைய கோலாலம்பூரின் கேளிக்கை மையமான பி.பி. பார்க் என்ற புக்கிட் பிந்தாங் பூங்கா. ஜோகெட் நடன மேடை, கபரே, சினிமா, விளையாட்டுக் கடைகள் எல்லாம் ஒரே வளாகத்தில். அந்த மண்ணில் இன்று சுங்கை வாங் பிளாசா.

ஆனால் பெட்டியில்லாமலே உலகம் சுற்றியவர் ஒருவர் நிக்கோலா போன்றவர்களுக்கு முன்பே இருந்தார். சென்னைப் பக்கத்திலிருந்து போன ராமசாமி, 'ராமோ சாமி' என்ற பெயரில், 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வாள் விழுங்கியும் பந்துகளை வீசிப் பிடித்தும் லண்டனை வாய்பிளக்க வைத்தார். 1819இல் அமெரிக்காவிலும் ஆடினார். 1850இல் வறுமையில் இறந்தார். தெரு வித்தைக்காரனைச் சுற்றி நாலு பக்கமும் கண்கள். மேடைக்காரருக்கோ ஒரு பக்கம்தான். கண்ணாடியும் கறுப்புத் திரையும் மறைவுப் பலகையும் அந்த ஒரு பக்கத்தை நம்பித்தான் வேலை செய்கின்றன. கஷ்டமான தொழில் எது என்று சொல்லத் தேவையில்லை. காசு சேர்ந்தது மட்டும் மேடைப் பக்கம்!

தெருவின் பெருமையை மேடைக்கு ஏற்றியவர் வங்காளத்து பி.சி. சர்க்கார். மகாராஜா உடை, 'இந்திரஜால்' என்ற பெயர், பெரும் குழு. 1956 ஏப்ரல் 9 அன்று பிபிசியின் 'பனோரமா' நிகழ்ச்சியில் வட்ட ரம்பத்தால் ஒரு பெண்ணை இரண்டாக அறுத்தார். அவள் எழுவதற்குள் நேரம் முடிந்ததென்று அறிவிப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி நிகழ்ச்சியை முடித்துவிட்டார். பெண் செத்தாளா, பிழைத்தாளா என்று கேட்டு பிபிசிக்குத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. லண்டனில் அவருடைய காட்சிகளுக்கு டிக்கெட் பறந்தது. நேரம் தவறியது தற்செயல் என்று நம்புவதற்கு ரொம்ப நல்ல மனசு வேண்டும்.

1971 ஜனவரியில் ஜப்பான் சுற்றுப்பயணத்தின் நடுவே சர்க்கார் மறைந்தார். ஒப்புக்கொண்ட மீதிக் காட்சிகளை அவருடைய மகன் பிரதீப் நடத்தி முடித்தார்.