ஏடும் இணையமும்

அரசர் சரித்திரம் கல்வெட்டில் நிற்கிறது. புலவர் புகழ் ஏட்டில் நிற்கிறது. பால்மரம் சீவிய ஏழையின் சரித்திரத்திற்கு யாதோர் இடமும் இல்லையே என்று நாம் வருந்தியதுண்டு. அக்குறையை நீக்கும் சாதனம் விஞ்ஞானத்தால் கிடைத்துவிட்டது. அதுவே இணையம்.

தமிழ் அதில் ஏறியது எளிதில் நடந்ததன்று. 1985-இல் நம் நாட்டுத் தமிழர் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ என்னும் மென்பொருளால் கணினியைத் தமிழ் எழுதச் செய்தார். 1995-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழை ஏற்றினார். எனினும், ஆளுக்கொரு எழுத்துக் குறியீடு வழங்கியமையால், ஒருவர் எழுதியது மற்றவர் கணினியில் வெறுங் கிறுக்கலாய்த் தோன்றிற்று. 1997-இல் சிங்கப்பூரிலும், 1999-இல் சென்னையிலும், 2001-இல் கோலாலம்பூரிலும் கூடிய மாநாடுகள் இப்பிணக்கை ஆராய்ந்தன. யூனிகோடு என்னும் பொதுக் குறியீடு பரவிய பின்னரே தொல்லை பெரிதும் ஒழிந்தது.

இதனால் விளைந்த பயன் யாது? 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 2005-இல் ஈழத்துத் தோழர்கள் ‘நூலகம்’ என்னும் இணைய நூலகத்தைத் தொடங்கினர். நூல், பத்திரிகை, நிழற்படம், ஒலிப்பதிவு, காணொளி யாவும் அங்கே சேர்கின்றன. பல இடங்களிற் படி வைத்த ஏட்டை ஒரு தீக்குச்சி அழித்துவிட முடியாது.

இனி நம் சுங்கை சிப்புட்டைப் பார்ப்போம். 1948 ஜூன் 16-இல் இவ்வட்டாரத்தில் மூன்று வெள்ளைத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர், அவசரகாலம் பிறந்தது. இச்செய்தி ஆங்கில நூல்கள் பலவற்றில் உண்டு. ஆனால் அக்காலத்துப் பெரட்டுக்களத்தில் நின்ற தொழிலாளி கண்டதென்ன? 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தவர் எண்ணியதென்ன? அவற்றைச் சொல்லவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். லயங்கள் இடிகின்றன, செக்ரோல் புத்தகங்களைக் கறையான் தின்கிறது.

ஆகையால், இளைஞர்களே! உங்கள் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியே போதும். பாட்டியின் பேச்சைப் பதியுங்கள். பெட்டியிலுள்ள படத்தை நகலெடுங்கள். ஒன்றை மட்டும் மறவாதீர்: பேசியவர் யார், எத்தோட்டம், எவ்வாண்டு என்பதைத் தவறாமல் குறியுங்கள். பெயரும் தேதியும் இல்லாத ஆயிரம் படங்கள் குப்பையே. தேடுவோர் கைக்கு அவை அகப்படா. பேசியவர் இசைவு பெற்று, இரண்டு மூன்று இடங்களிற் படி வைத்து, பொது நூலகங்களுக்கு அளியுங்கள்.

நம் சரித்திரத்தை நாம் எழுதாவிடின் துரைமார் எழுதியதே நம் பேரப்பிள்ளைகளுக்குச் சரித்திரமாகும். அவ்விழிவுக்கு நாம் இடங்கொடுக்கலாகாது.