பற்சிப்பிக் கறையும் குடிநீரும்

பிள்ளையின் பல்லில் கறை கண்டால், சரியாகப் பல் துலக்கவில்லை என்று கடிந்துகொள்கிறோம். அக்கடிதல் சில வேளைகளில் எத்துணைப் பிழையானது என்பதை அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொடங்கிய ஒரு தேடலிலிருந்து நாம் அறியலாம்.

1901இல் அந்நகருக்குப் பல் மருத்துவராக வந்த ஃபிரெடரிக் மெக்கே, அங்குப் பிறந்து வளர்ந்தோர் பலரின் பற்களில் பழுப்புக் கறையைக் கண்டார். தேய்த்தால் அது போகவில்லை. அது மேலே படிந்த அழுக்கன்று. பல்லின் மேலுறையாகிய பற்சிப்பி உருவாகும் பருவத்திலேயே அதனுள் நேர்ந்த குறைபாடு. வளர்ந்தபின் குடியேறியவர்களுக்கு இக்கறை ஏற்படாமையும் அதனாலேதான். 1909 முதல் பேரறிஞர் ஜி. வி. பிளாக் அவருடன் இணைந்து ஆராய்ந்தார். கறைபட்ட பற்களில் சொத்தை விழுவது அரிதாயிருந்தமை இருவரையும் வியப்பில் ஆழ்த்தியது.

ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்னும் சிற்றூர் நிகழ்ச்சியை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் பதித்த பின்னரே தம் பிள்ளைகளின் பற்களில் கறை தோன்றியதென 1923இல் பெற்றோர் மெக்கேயிடம் முறையிட்டனர். அவர் நீரைச் சோதித்தார். ஐயுறத்தக்க எதுவும் அகப்படவில்லை. ஆயினும் சோதனையின் முடிவைக் காட்டிப் பெற்றோரின் சொல்லை அவர் ஒதுக்கவில்லை. அந்நீரைக் கைவிட்டு வேறோர் ஊற்றை நாடுமாறு ஊராருக்கு அறிவுரை கூறினார். சில ஆண்டுகளில் இளம்பிள்ளைகளுக்குக் கறையற்ற நிலைப்பற்கள் முளைத்தன.

1931இல்தான் விடை கிட்டியது. அலுமினிய நிறுவனமொன்றின் வேதியியலாளர் எச். வி. சர்ச்சில், ஆர்கன்சா மாநிலத்துப் பாக்சைட் ஊரின் நீரில் மிகுதியான ஃபுளோரைடைக் கண்டறிந்தார். பழி அலுமினியத்தின்மீது விழுந்துவிடுமோ என்னும் அச்சமும் அவரைத் தூண்டியது என்பர்! பின்னர் டிரெண்ட்லி டீன், பத்து இலட்சம் பங்கு நீரில் ஏறத்தாழ ஒரு பங்கு ஃபுளோரைடு இருப்பின், பார்வைக்குப் புலப்படும் கறை பெரும்பாலும் இன்றியே சொத்தை குறைவதை நிறுவினார். 1945இல் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரக் குடிநீரில் அது கலக்கப்பட்டது. சிங்கப்பூரும் 1950களில் அவ்வழியை மேற்கொண்டது.

எனினும் நம் முன்னோர் வாழ்ந்த மண்ணில் நிலைமை வேறு. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் கிணற்று நீரின் ஃபுளோரைடு மிகுதி பல்லோடு நில்லாமல் எலும்பையும் முடக்கியதை 1937இல் ஷார்ட் முதலிய ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் இதே இன்னலில் நெடுங்காலம் உழன்றன. ஒகேனக்கல்லில் எடுக்கப்படும் காவிரி நீர் அவ்வூர்களைக் குழாய்வழி வந்தடைந்தது 2013இல்தான்.