பிறப்புறுப்பின் உள்ளே கழுவலாமா? சகோதரிகள் அறிய வேண்டியவை

தூய்மையை ஈமானோடு இணைத்துச் சொன்ன மார்க்கம் இஸ்லாம். எனவே மாதவிடாய் முடிந்த பின்பும் தாம்பத்திய உறவுக்குப் பின்பும் நன்றாகச் சுத்தமாக வேண்டும் என்று நம் சகோதரிகள் நினைப்பது இயல்பே. ஆனால் சிலர், உள்ளேயும் கழுவினால்தான் குளிப்பு நிறைவேறும் என்று எண்ணி, பிறப்புறுப்பின் உட்பகுதிக்குள் தண்ணீரையோ, சோப்பு, வினிகர், கிருமிநாசினி கலந்த நீரையோ பாய்ச்சுகிறார்கள். இதற்கு ‘டூஷிங்’ என்று பெயர். இது உடல்நலத்துக்குக் கேடு.

உடலிலேயே உள்ள பாதுகாப்பு

பெண்ணுறுப்பின் உள்ளே லாக்டோபேசில்லஸ் என்ற நன்மை தரும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. இவை சுரக்கும் லாக்டிக் அமிலத்தால், மாதவிடாய் வரும் வயதில் அங்கு பி.எச். அளவு பெரும்பாலும் 3.8 முதல் 4.5 வரை இருக்கும். இந்த அமிலத்தன்மை கெட்ட கிருமிகளை வளர விடாது. வழக்கமாக வரும் லேசான வெள்ளைப்படுதல் நோயல்ல. உட்பகுதி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் முறை.

கழுவினால் என்ன ஆகும்?

நல்ல பாக்டீரியாக்கள் குறைந்து, கெட்ட கிருமிகள் பெருகும். ‘பாக்டீரியல் வஜினோசிஸ்’ என்ற தொற்று வந்து மீன் வாடை வீசும். வாடை போக மீண்டும் கழுவ, தொற்று இன்னும் அதிகமாகும். ஏற்கனவே தொற்று இருந்தால், பாய்ச்சும் நீர் அதைக் கருப்பைக்கும் கருக்குழாய்களுக்கும் கொண்டு செல்லலாம். கருக்குழாய் பாதிக்கப்பட்டால் குழந்தையின்மையும், கருப்பைக்கு வெளியே கரு தங்கும் ஆபத்தும் ஏற்படலாம்.

மார்க்கம் கேட்பது என்ன?

கடமையான குளிப்பில் பிறப்புறுப்பின் ஆழத்தைக் கழுவுவது ஷாஃபி, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் கட்டாயமில்லை. குந்தி உட்காரும்போது வெளியே தெரியும் பகுதியைக் கழுவினால் போதும். மாதவிடாய்க் குளிப்பு பற்றிக் கேட்ட பெண்ணுக்கு நபி (ஸல்) அவர்கள், கஸ்தூரி தோய்ந்த பஞ்சால் தூய்மை செய்யும்படி கூறினார்கள்; அதனால் இரத்தம் பட்ட இடத்தைத் துடைக்க வேண்டும் என்று ஆயிஷா (ரலி) அப்பெண்ணுக்கு விளக்கினார்கள். உள்ளே நீர் பாய்ச்சும்படி கூறவில்லை.

சரியான முறை

• வெளிப்பகுதியைச் சாதாரண நீரால் மென்மையாகக் கழுவுங்கள்.
• முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள்.
• ஹேண்ட் ஷவரை உள்நோக்கிப் பீய்ச்சாதீர்கள்.
• வாசனை சோப்பு, ஸ்ப்ரே வேண்டாம்.
• பருத்தி உள்ளாடை நல்லது.

துர்வாடை, அரிப்பு, எரிச்சல், தயிர் போன்ற அல்லது நிறம் மாறிய வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி, காய்ச்சல் இருந்தால் வெட்கப்படாமல் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். போவதற்கு முன் உள்ளே கழுவாதீர்கள். நோயைக் கண்டறிவது கடினமாகும்.

குளிப்பின் சட்டத்தைக் கற்றுக்கொடுக்கும்போதே இதையும் தாய்மார்கள் தம் பெண்மக்களுக்குச் சொல்லிவையுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக!