கிரெடிட் கணக்கு எங்கிருந்து வந்தது?



இணையத்தில் படித்த பாடங்களின் கிரெடிட்டை இளங்கலைப் பட்டத்தில் சேர்க்க முடியுமா என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். வாத்தியார் புத்தி, முதலில் வரலாற்றைத்தான் சொல்லும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரெடிட் கணக்கின் வேர் ஓய்வூதியத்தில் இருக்கிறது! அமெரிக்க எஃகு ஆலை அதிபர் ஆண்ட்ரூ கார்னகி 1905-ல் கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டாலர் கொடுத்தார். எது கல்லூரி என்பதிலேயே அங்கே அப்போது குழப்பம். அதனால் அவரது அறக்கட்டளை ஒரு நிபந்தனை வைத்தது. உயர்நிலைப் பள்ளியில் 14 அலகுகள் முடித்தவர்களைத்தான் சேர்க்க வேண்டும். ஓர் அலகு என்பது ஒரு பாடத்தை ஓராண்டில் சுமார் 120 மணி நேரம் வகுப்பில் படிப்பது. ஓய்வூதியம் யாருக்குக் கசக்கும்? கல்லூரிகள் ஒப்புக்கொண்டன. அந்த மணிக்கணக்கு கல்லூரிக்குள்ளும் நிலைத்துவிட்டது. ஒரு பருவம் முழுக்க வாரம் ஒரு மணி வகுப்பு என்றால் ஒரு கிரெடிட். இளங்கலைக்குப் பெரும்பாலும் 120 கிரெடிட்.

மாணவன் எத்தனை மணி உட்கார்ந்தான் என்றுதான் இந்த அளவுகோல் கேட்டது. அப்படியானால் வகுப்புக்கு வெளியே கற்றவன் கதி?

இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த வீரர்கள்தான் அந்தக் கேள்வியைப் பெரிதாக்கினார்கள். 1944-ல் அவர்கள் படிக்க அரசே பணம் தரும் சட்டம் வந்தது. ராணுவத்தில் ரேடியோவும் இயந்திரமும் கற்றவர்களை மறுபடி முதல் பாடத்தில் உட்கார வைப்பதா? அந்தப் பயிற்சிகளை மதிப்பிட்டு, இதற்கு இத்தனை கிரெடிட் தரலாம் என்று அமெரிக்கக் கல்விக் குழு பரிந்துரைக்கத் தொடங்கியது. 1972-ல் நியூ ஜெர்சியில் தாமஸ் எடிசன் கல்லூரி பிறந்தது. பல இடங்களில் சேர்த்த கிரெடிட்டைத் திரட்டிப் பட்டம் தருவதே அதன் வேலை. பள்ளிக்கு அதிகம் போகாத எடிசனின் பெயர் வைத்தார்களே, அது எனக்கு மிகவும் பிடித்தது. இன்றைய இணையப் பாடங்கள் பலவும் அந்தக் குழுவின் பரிந்துரையோடுதான் வருகின்றன. ஆனால் பரிந்துரை வேறு, ஏற்பு வேறு. ஏற்பதும் மறுப்பதும் பட்டம் தரும் கல்லூரியின் உரிமை. பாதிப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

என் கதையும் உங்களுக்குத் தெரியும். இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி முடித்து, பிறகு அஞ்சல் வழியில் பி.ஏ. சேர விண்ணப்பம் வாங்கினேன். குழந்தை உளவியலும் கற்பித்தல் முறையும் படித்திருந்தும், அந்தப் படிப்பில் ஒரு தாள்கூடக் கழியவில்லை. முதலாண்டிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள். விண்ணப்பம் பெட்டியிலேயே தங்கிவிட்டது.

நம் நாட்டில் நிலைமை இப்போது மாறியிருக்கிறது. 2016-ல் பல்கலைக்கழக மானியக் குழு, ஸ்வயம் தளத்துப் பாடங்களுக்கு 20 விழுக்காடு வரை இடம் கொடுத்தது. 2021-ல் அதை 40 ஆக்கியது. அதே ஆண்டில் கிரெடிட் வங்கியும் வந்தது. படிப்பை இடையில் விட்டாலும் கிரெடிட் அங்கே ஏழு ஆண்டுகள் வரை இருக்கும். ஆனால் குறைந்தது பாதி கிரெடிட்டைப் பட்டம் தரும் நிறுவனத்திலேயே பெற வேண்டும். அஞ்சல் படிப்புக் காலத்தில் இந்த வங்கியைக் கனவில்கூட நினைத்திருக்க மாட்டோம்.

ஆகவே கேட்ட மூவருக்கும்: முதலில் சேரப்போகும் கல்லூரியிடம் கேளுங்கள், பாடத்துக்குப் பணம் கட்டுவது அப்புறம். எந்தப் பாடம், எத்தனை கிரெடிட், எந்தத் தாளுக்குப் பதில் என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது. இணையப் பாடத்தின் இறுதித் தேர்வை நேரில் போய் எழுதியிருந்தால் அந்தச் சான்றிதழையும், பாடத்திட்டத்தின் நகலையும் பத்திரமாக வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மகளே, உன் பழைய மதிப்பெண் பட்டியல்கள் அம்மா வீட்டு அலமாரியில் இருக்கிறதாம். எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.