தீவகமும் திரைப்படமும்

ஒரு நாட்டின் திரைப்படங்களைக் கொண்டு அந்நாட்டு மக்களை அறிந்துகொள்ளலாம் என்பர். இக்கூற்றில் பாதியைத்தான் நாம் ஏற்கிறோம். திரையிலே தோன்றுபவர் யார் என்பதோடு, தோன்றாதவர் யார், அவர்களைத் தோன்றாமற் செய்தவர் யார் என்றுங் கேட்டாலன்றி அவ்வறிவு முழுமைபெறாது. ஐக்கிய அமெரிக்காவில் 1915ஆம் ஆண்டு கிரிபித் எடுத்த ‘ஒரு தேசத்தின் பிறப்பு’ என்னும் படத்தில் கறுப்பின மக்கள் கொடியவராகக் காட்டப்பட்டனர். அப்பாத்திரங்களில் முக்கியமானவற்றை முகத்திற் கரி பூசிய வெள்ளையரே நடித்தனர். கறுப்பினத்தவரைக் கொன்று திரிந்த கூட்டம் அப்படத்தில் வீரர் படையாயிற்று. ஒஸ்கார் மிஷோ என்ற கறுப்பினக் கலைஞர் 1920இல் ‘எங்கள் வாயில்களுக்குள்’ என்னும் படத்தால் மறுமொழி கூறியபோது, அதனை அனுமதிக்கச் சிக்காகோ நகரத் தணிக்கையாளர் தயங்கினர். பல்லாண்டுகள் தொலைந்து கிடந்த அப்படத்தின் பிரதியொன்று பின்னர் ஸ்பெயின் நாட்டிற் கிடைத்தது.

கடல்கடந்த இக்கதையை நாம் எடுத்துக்கொண்டது வீணுக்கன்று. யாழ்ப்பாணத்துத் தீவகம் திரையில் முகங்காட்டிய வரலாற்றிலும் இதே கேள்விகள் எழுகின்றன.

நெடுங்காலம் தீவக மக்கள் படம் பார்ப்பவர்களாக மட்டுமே இருந்தனர். தோணியிலும் பஸ்ஸிலும் பட்டினம் போய், வெலிங்டனிலோ மனோகராவிலோ ராணியிலோ சென்னைப் படமொன்றைப் பார்த்துத் திரும்புவார்கள். அப்படங்களில் அவர்கள் கடலும் இல்லை, பேச்சும் இல்லை. 1947இல் வெளிவந்த முதற் சிங்களப் படமே எஸ். எம். நாயகம் என்ற தமிழர் மதுரையில் தயாரித்ததுதான். இலங்கைத் திரை இரு மொழியிலும் தென்னிந்திய அச்சில் வார்க்கப்பட்டே தொடங்கியது எனலாம். 1962இல் ‘சமுதாய’மும் 1963இல் ‘தோட்டக்காரி’யும் வந்த பின்னரும், நம்மவர் படங்கள் பல சென்னைத் தமிழையே பேச முயன்றன. 1972இல் இயங்கத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் உள்ளூர்க் கலைஞருக்கு ஓரளவு மூச்சுவிட இடமளித்தது.

அந்த இடைவெளியிற் பிறந்தனவே தீவகத்தோடு தொடர்புடைய இரு படங்கள். ஒன்று, 1977இல் வந்த ‘பொன்மணி’. அதன் எழுத்தாளர் காவலூர் இராசதுரை; பெயரிலேயே ஊர்காவற்றுறையைச் சுமந்தவர். பறங்கியர் காலந்தொட்டுத் துறைமுகமாக விளங்கிய அவ்வூர் பல திசை மனிதரையும் கண்டது. ஆனால் சாதியின் கதவு அங்கும் திறந்திருக்கவில்லை. படத்தின் களம் யாழ்ப்பாணத்து நடுத்தரக் குடும்பமொன்று. சீதனம் சேராமையால் மூத்தவளின் கலியாணம் தள்ளிப்போகிறது; இளையவள் சாதியெல்லையைத் தாண்டிக் காதலிக்கிறாள்; அதற்கு அவள் உயிரே விலையாகிறது. இக்கதையை இயக்கியவர் அக்காலத்தில் யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராயிருந்த தர்மசேன பத்திராஜா. சிங்களக் கலைஞர் ஒருவர், தமிழரே மறைக்க விரும்பிய புண்ணைத் தமிழ்ப் பேச்சிலேயே காட்டினார். நடித்தவருட் பலர் ஆசிரியரும் பல்கலைக்கழகத்தாரும். ஆயினும் படம் தியேட்டர்களில் நின்று ஓடவில்லை. பாட்டும் சண்டையும் இல்லாமையே காரணம் என்று பலரும் சொல்வர். நாம் அவ்வளவு எளிதில் விட்டுவிட மாட்டோம். சென்னைப் படத்து வில்லனைத் திட்டிவிட்டு வீடு திரும்புவது சுகம்; இங்கே வில்லன் வீட்டுக்குள்ளேயே இருந்தான்.

மற்றையது 1978இல் வந்த ‘வாடைக்காற்று’. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவியது. பிரேம்நாத் மொறாயஸ் இயக்கியது. பொப் பாடல்களாற் புகழ்பெற்ற ஏ. ஈ. மனோகரனும் நடித்தது. நாவலின் களம் நெடுந்தீவு. கோறைக்கல் மதில்களும், பனங்கூடல்களும், அந்நியர் ஆட்சிக்காலத்துக் குதிரைகளின் வழிவந்த கட்டாக்காலிக் குதிரைகளும் உள்ள அத்தீவுக்கு, வாடை வீசும் பருவத்தில் வேற்றூர் மீனவர் வந்து வாடியமைப்பர். தீவிலே பிறந்து வளர்ந்தவரும் பருவத்துக்குப் பிழைக்க வந்தவரும் ஒரே கரையில் எதிர்ப்படுகின்றனர். காதலும் பகையும் அங்கே விளைகின்றன. புவியியல் பயின்ற ஆசிரியர் என்பதால், காற்று எப்போது திரும்புகிறதோ அப்போது மனிதர் வாழ்வுந் திரும்புவதை அவர் நன்கறிவார். வலையும் வள்ளமும் சம்மாட்டியுடையவை. தொழிலாளிக்குப் பங்கும், முற்பணமாக வாங்கிய கடனும். சென்னைப் படங்களில் மீனவன் என்றாற் பாட்டுப் பாடித் துடுப்புப் போடுபவன். இங்கே அவனுக்கு ஊர் உண்டு, கோயில் உண்டு, கணக்கு உண்டு.

அதே 1978இல் பத்திராஜா கற்பிட்டிப் பகுதியின் மீனவக் கரையொன்றில் ‘பம்பரு எவித்’ என்னும் சிங்களப் படத்தை எடுத்தார் என்பதை நமது மாணவர் கவனிக்கவேண்டும். அதிலும் வெளியிலிருந்து வந்தவர் கரையோர வாழ்வைக் குலைக்கின்றனர். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு, மொழி மாறினாலும் கடன் மாறாதிருப்பது புலனாகும்.

பின்னர் நடந்தவை யாவரும் அறிந்தவை. 1983 ஜூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா படப்பிடிப்பு நிலையம் கொளுத்தப்பட்டது. சிங்களப் படங்களின் மூலச்சுருள்களும் அத்தீயிலேயே போயின. சிங்களப் படங்களை இயக்கிய தமிழர் வெங்கட் அந்நாட்களிற் கொல்லப்பட்டார். 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கி வந்த ‘குமுதினி’ படகிலே பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990இன் பின் தீவகத்தாரிற் பெரும்பகுதியினர் ஊர்விட்டுப் பெயர்ந்தனர். வாடியைப் பற்றிய படத்தைப் பார்த்திருக்கவேண்டியவர்களே தொரன்ரோவிலும் பாரிசிலும் குடியேறினர்.

இவ்விரு படங்களையும் நாம் போற்றினாலும், ஒரு குறையைச் சொல்லாதிருத்தல் நேர்மையன்று. தீவகத்தின் பன்முகத்தில் இவை தொட்டது ஒரு பகுதியே. குறிகட்டுவான் துறையில், நயினாதீவு நாகபூசணி அம்மனை வணங்கச் செல்லும் அடியாரும், அதே தீவின் நாகவிகாரைக்குச் செல்லும் தென்னிலங்கைச் சிங்கள யாத்திரிகரும், மீன்பெட்டியோடு வீடு திரும்பும் தொழிலாளியும் ஒரே படகில் நெருக்கியடித்து ஏறுகின்றனர். ஒருவர் குழந்தையை மற்றவர் மடியில் வாங்கிக்கொள்கிறார். பேச்சுப் பாதி, சைகை பாதி. பயணம் கால்மணி நேரந்தான். அதற்குள் ஒரு படத்துக்குப் போதிய உரையாடல் நடந்து முடிந்துவிடுகிறது.