வாள் எடுத்தவனும் குடம் எடுத்தவரும்

காஞ்சிபுரத்துக்குப் படிக்க வந்து, படிக்கிற இடத்திலேயே மனம் நொந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்களில் இரண்டு பேரின் கதை நம் கைக்கு வந்திருக்கிறது. ஒருவன் மயூரசர்மன். நான்காம் நூற்றாண்டில், பல்லவர் தலைநகரில் இருந்த கடிகை என்னும் வேதக் கல்விக்கூடத்தில் சேர்ந்தவன். மற்றவர் இராமானுசர். மரபு சொல்லும் பிறந்த ஆண்டு 1017. காஞ்சிக்கு மேற்கே திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் கேட்டவர். நடுவே ஏறக்குறைய 700 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன.

அப்படியிருந்தும் இவர்களை ஒரே பந்தியில் உட்காரவைக்கக் காரணம் உண்டு. கல்லூரி நாட்களில் ஒரு பிள்ளை எப்படி வளர்கிறது, நன்றியுணர்வு எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி ஆண்டு விழா மேடைகளில் நிறையப் பேசுகிறோம். பேச்செல்லாம் பட்டம், பரிசு, சாதனை என்று உச்சியைப் பற்றியே இருக்கும். இந்த இருவரின் கதையிலும் திருப்பம் வந்தது ஒரு சாதாரண நாளில், ஒரு சச்சரவிலும் எண்ணெய்க் குளியலிலும்தான்.

முதலில் ஆதாரத்தைச் சொல்லிவிட வேண்டும். மயூரசர்மன் கதை கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டத்துத் தாளகுண்டாவில் நிற்கும் ஒரு கல்தூணில் இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில், அவன் வழிவந்த கதம்ப அரசன் சாந்திவர்மன் காலத்தில், குப்ஜன் என்ற கவி வடமொழியில் எழுதியது. இராமானுசர் கதை குருபரம்பரை நூல்கள் வழியாக, பக்தர்கள் வாய்வழியாக வந்தது. முன்னது அரண்மனைப் பெருமை, பின்னது அடியார் அன்பு. இரண்டுமே ஒருபக்கச் சாட்சிதான். மயூரசர்மனோடு மோதிய பல்லவ வீரன் தன் தரப்பைச் சொல்ல எந்தக் கல்லும் இல்லை. யாதவப்பிரகாசர் தரப்பைச் சொல்ல எந்தப் பரம்பரையும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டே மேலே போவோம்.

மயூரசர்மன் தனியாக வரவில்லை. குரு வீரசர்மனோடு காஞ்சிக்கு வந்தான். வேதம் முழுவதையும் கற்றுத் தீர்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தோடு கடிகைக்குள் நுழைந்தான் என்கிறது தூண். கடிகை சின்ன இடம் இல்லை. எட்டாம் நூற்றாண்டில் பல்லவ அரியணை காலியானபோது, அரசனைக் கேட்டுப் போய் நந்திவர்மனை அழைத்து வந்த தூதில் கடிகையாரும் இருந்ததை வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு சொல்கிறது. அரசனையே தேர்ந்தெடுக்கும் செல்வாக்கு பின்னாளில் அதற்கு இருந்திருக்கிறது. ஆனால் மயூரசர்மன் வந்த காலத்தில், அதன் மாணவன் ஒருவனைக் குதிரைவீரன் ஒருவன் அவமதித்துவிட முடிந்தது. என்ன சண்டை, யார் முதலில் வாய் விட்டார்கள் என்று தூணில் இல்லை. கடுமையான சச்சரவு, அவ்வளவுதான். அதைத் தொடர்ந்து அவன் மனத்தில் ஓடிய கணக்கைத்தான் கவி விரித்துச் சொல்கிறார். குருகுலங்களில் முறையாகப் பணிசெய்து, வருந்தி வருந்திப் படித்த பிறகும், அந்தப் படிப்பு பலன் தருவது அரசன் தயவில்தான் இருக்கிறது என்றால் இதைவிடத் துயரம் உண்டா? இந்தக் கேள்வியை வேலைக்கு அலைகிற இன்றைய பட்டதாரியிடம் காட்டுங்கள், தன் கேள்வி என்றுதான் சொல்வார்.

அடுத்து வருவது அந்தத் தூணின் மிகக் கூர்மையான இடம். கவி அவன் கையைப் பார்க்கிறார். தர்ப்பையையும் சமித்தையும் அரைகல்லையும் நெய்க் கரண்டியையும் அவிசுப் பாத்திரத்தையும் எடுத்துப் பழகிய கை. வேள்விச் சாமான்கள் ஒவ்வொன்றாக வரிசையாக வருகின்றன. ஆண்டுக்கணக்கில் காலை மாலை செய்த வேலை அந்தக் கையில் ஏறியிருக்கிறது. அதே கை வாளை உருவியது. அதற்குப் பிறகு எல்லாம் வேகம். பல்லவரின் எல்லைக் காவலர்களை வென்றான், ஸ்ரீபர்வதம் வரை காட்டைப் பிடித்தான், பாணர்களிடம் திறை வாங்கினான். அடக்க முடியாத பல்லவர்கள் கடைசியில் அவனை ஏற்றுக்கொண்டு நிலமும் கொடுத்தார்கள். கதம்பர் அரசு அப்படிப் பிறந்தது.

அவன் கோபம் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். படிக்க வந்தவனைச் சிறுமைப்படுத்தும் ஊர் அதன் விலையைக் கொடுக்கத்தான் வேண்டும். பல்லவர் கொடுத்தார்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. அவமானம் நடந்த ஊர் என்பதற்காகக் கதம்பர்கள் காஞ்சியின் பெயரை மறைக்கவில்லை. தங்கள் குலத்தின் தொடக்கத்தை எழுதும்போது கடிகையையும் குரு வீரசர்மனையும் பெயர் சொல்லியே எழுதினார்கள். நான்காம் நூற்றாண்டுக் காஞ்சிக் கடிகையைப் பற்றி இன்று பேசும் எவரும் முதலில் எடுப்பது இந்தத் தூணைத்தான். கோபித்துக்கொண்டு போன மாணவனின் வழிவந்தவர்கள் வைத்த சாட்சி அது. அதுவும் ஒரு வகை நன்றிதான், மூன்று நான்கு தலைமுறை தாமதமாக வந்த நன்றி.

திருப்புட்குழிக் கதைக்கு வருவோம். முசரவாக்கம் போன்ற ஊர்களின் பிள்ளைகளுக்கு இது எங்கோ நடந்த கதை இல்லை. முசரவாக்கமும் திருப்புட்குழியும் ஒரே காஞ்சிபுரம் வட்டத்து ஊர்கள். விசயராகவப் பெருமாள் கோயில் இருக்கும் திருப்புட்குழியில் ஒரு நாள், பாடம் முடிந்து ஆசிரியர் எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்காருகிறார். தேய்த்துவிடுவது மாணவர் வேலை. இராமானுசர் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு மாணவன் வந்து, காலையில் நடந்த சாந்தோக்கிய உபநிடதப் பகுதியில் ஒரு சந்தேகம் கேட்கிறான். இறைவன் கண்ணுக்குச் சொன்ன உவமை அது. யாதவப்பிரகாசர் அதற்குக் குரங்கின் பின்புறம் என்று பொருள் சொன்னார். இராமானுசரின் கண்ணீர் ஆசிரியர் தொடையில் சுடச்சுட விழுந்தது. ஏன் என்று கேட்டதற்கு, கதிரவனால் மலர்ந்த தாமரை என்று வேறு பொருள் எடுக்கலாமே என்றார்.

இந்தக் காட்சியில் எனக்குப் பிடித்தது கை நிற்காமல் இருப்பதுதான். எண்ணெய் தேய்த்துக்கொண்டே மறுத்துப் பேசுகிறார். பணிவிடையும் மறுப்பும் ஒரே நேரத்தில் ஒரே மாணவரிடம் இருக்கின்றன. நம் கல்லூரிகளில் இந்த இரண்டையும் சேரவிடுவதில்லை. மறுத்துப் பேசுகிறவனுக்கு இன்டர்னல் மார்க் பயம். பணிவாக இருப்பவன் வாய் திறப்பதில்லை.

மறுப்பு ஒன்றோடு நிற்கவில்லை. பாடத்துக்குப் பாடம் வளர்ந்தது. காசி யாத்திரை என்று எல்லோரையும் அழைத்துப் போய் இராமானுசரைக் கங்கையில் முடித்துவிடத் திட்டம் போட்டார்கள் என்கிறது மரபு. அதை விந்தியக் காட்டு வழியில் அவர் காதில் போட்டவர், உடன்படித்த தம்பி முறைக்காரர் கோவிந்தர். பின்னாளில் எம்பார் என்று வைணவ உலகம் கொண்டாடியவர் இவர்தான். அவர் பேச்சைக் கேட்டு இரவோடு இரவாகக் கூட்டத்தைப் பிரிந்த இராமானுசருக்குக் காட்டில் ஒரு வேடனும் அவன் மனைவியும் துணை வந்தார்கள். விடிந்ததும் அந்தப் பெண்ணுக்குத் தாகம். பக்கத்துக் கிணற்றிலிருந்து கையால் முகந்து தண்ணீர் கொடுத்தார். மறுபடி முகந்து வருவதற்குள் இருவரையும் காணோம். எதிரே காஞ்சியின் கோபுரம். வந்தவர்கள் காஞ்சிக் கோயிலின் வரதராசரும் பெருந்தேவித் தாயாரும் என்பது பக்தர் நம்பிக்கை.

நம்புகிறவர் நம்பட்டும். அதற்குப் பிறகு நடந்ததை நம்புவதற்குப் பக்தி தேவையில்லை. வரதராசரின் அடியார் திருக்கச்சி நம்பி சொன்ன யோசனைப்படி, அதே கிணற்றிலிருந்து தினமும் ஒரு குடம் தண்ணீர் எடுத்து வரதராசர் திருமஞ்சனத்துக்குச் சுமந்தார். காஞ்சியை ஒட்டிய செவிலிமேட்டில் இருக்கும் சாலைக் கிணற்றைத்தான் அந்தக் கிணறு என்று இன்றும் காட்டுகிறார்கள். உயிர் பிழைத்ததற்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. விழா எடுக்கவில்லை. நாளுக்கு ஒரு குடம். காலைக் கடன்களோடு அதுவும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. நெகிழ்ச்சி இரண்டு நாளில் வடிந்துவிடும், குடத்தை மறுநாளும் தூக்கியாக வேண்டும். ஒரு பிள்ளையை வளர்த்தெடுப்பது இந்த மறுநாள்தான் என்பது என் கட்சி.

இன்னொரு அதிசயம், யாத்திரை முடிந்து ஆசிரியர் திரும்பியதும் இராமானுசர் மறுபடி அதே வகுப்பில் போய் உட்கார்ந்தார். ஆசிரியரே வெளியே போ என்று சொல்லும்வரை படித்தார். கடைசியில் யாதவப்பிரகாசர் தாமே இவருக்குச் சீடராகி, கோவிந்த சீயர் என்று பெயர் பெற்று, துறவிகளின் ஒழுக்கம் பற்றி வடமொழியில் ஒரு நூலும் எழுதினார். ஒருவரோடொருவர் மோதிய இருவரும் வளர்ந்த கதை இது.

இரண்டையும் படித்துவிட்டு, ஒருவன் முன்கோபி, மற்றவர் பொறுமைசாலி, பொறுத்தார் பூமி ஆள்வார் என்று முடித்துவிடுவது சுலபம். எனக்கு அது சரியாகப் படவில்லை. முதலில், பூமி ஆண்டவன் பொறுக்காதவன். இரண்டாவது, இராமானுசரும் அடங்கிப் போனவர் அல்லர். எனக்குத் தெரிகிற வேறுபாடு அவர்களுக்குப் பக்கத்தில் இருந்த மனிதர்கள். இராமானுசரைச் சுற்றி ஆட்கள் தெரிகிறார்கள். காதில் எச்சரித்த கோவிந்தர், குடம் தூக்கச் சொன்ன நம்பி. அந்த நம்பி வகுப்புக்கே வெளியே இருந்தவர். வைசிய குலத்தில் பிறந்து வரதராசருக்கு ஆலவட்டம் வீசியவர்.  அவரைக் குருவாகக் கொள்ள இராமானுசர் ஏங்கினார். மயூரசர்மன் பக்கத்தில் குருவைத் தவிர யாரையும் தூண் காட்டவில்லை. சச்சரவு நடந்த அன்று இரவு அவன் தோளில் கைபோட்டு உட்கார ஒரு கூட்டாளி இருந்தானா? இருந்தும் கவி விட்டுவிட்டாரா? தூண் தரும் மயூரசர்மன் தனி ஆள். தனியாக இருப்பவன் கைக்கு வாள்தான் சீக்கிரம் எட்டும்.

அப்படியென்றால் கல்லூரி மாணவர் நன்றி சொல்ல வேண்டிய முதல் ஆள் பக்கத்து பெஞ்சில் இருக்கிறார். “மச்சி, உனக்கு அட்டெண்டன்ஸ் 75-க்குக் கீழே போகுது, நாளைக்கு லேபுக்கு வந்துடு” என்று சொல்கிறவன் ஒரு சின்னக் கோவிந்தன். பழைய கேள்வித்தாள்களை ஜெராக்ஸ் எடுத்து அடுத்த பேட்ச்சுக்குக் கைமாற்றிவிட்டுப் போகும் சீனியர் அக்கா இன்னொருத்தி. மெஸ்ஸில் கடைசியாக வருகிறவனுக்குச் சாம்பார் எடுத்து வைக்கும் அண்ணன் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத நம்பி. ஆசிரியர் தினத்தன்று பொன்னாடை போர்த்துகிற பழக்கத்தில் இவர்களுக்கு இடமில்லை.

இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது. கடிகையிலும் திருப்புட்குழியிலும் படித்த இருவருமே அந்தணர் வீட்டு ஆண்பிள்ளைகள். காஞ்சித் தெருக்களில் நெய்தவர் வீட்டுப் பிள்ளைக்கோ, எந்த வீட்டுப் பெண்ணுக்கோ அங்கே பாய் விரிக்கவில்லை. 1909-இல் இதே ஊரில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாதுரை, நகராட்சியில் எழுத்தர் வேலையும் பார்த்து, பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்குவதற்குள் எத்தனை நூற்றாண்டு ஓடிவிட்டது! இன்று முசரவாக்கத்திலிருந்து ஏனாத்தூர்க் கல்லூரிக்கோ காஞ்சிபுரம் பச்சையப்பன் கல்லூரிக்கோ பஸ் ஏறும் முதல் தலைமுறைப் பெண்ணிடம், எல்லோரும் நன்றியாக இரு, நன்றியாக இரு என்கிறார்கள். 2022-இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும், கட்டணமில்லாப் பேருந்தும் அவளுக்கு உரிமை. அதற்குக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. நிறுத்தத்தில் நிற்காமல் போகும் பஸ்ஸைப் பற்றி மனுக் கொடுக்க அவளுக்குக் கொஞ்சம் மயூரசர்மன் வேண்டும். விடியும் முன்பே எழுந்து தறியில் உட்காரும் அப்பாவுக்கும், டப்பாவில் சோறு கட்டும் அம்மாவுக்கும்தான் அவளுடைய குடம். உரிமையைத் தந்தவரிடம் கணக்கு கேட்கலாம், உழைப்பைத் தந்தவருக்குத்தான் கடன் உண்டு. இந்த இரண்டையும் குழப்புகிற நன்றியுரைகள் எனக்குச் சலித்துவிட்டன.

இந்த இருவரில் மாணவருக்கு யாரைக் காட்டலாம் என்று கேட்டால் இராமானுசரை என்பேன், கோவிந்தரையும் நம்பியையும் சேர்த்து. திருப்புட்குழியையும் செவிலிமேட்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாம். போகிறவர்கள், தங்களை ஒருமுறையாவது எச்சரித்த கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பஸ் செலவு உங்களுடையதாக இருக்கட்டும்.